சம்பளம் இல்லாத வேலை: போகலாமா, வேண்டாமா?

எம்.ரெட்டியபட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மிளகாய், பருத்தி. பொய்த்தால் கடன். அங்கிருந்து என்ஜினீயரிங் படிக்கப் போன பையனுக்குச் சென்னையில் ஒரு புதுக் கம்பெனி ஆள் அனுப்பச் சொல்கிறது. "6 மாதம் இன்டர்ன்ஷிப். சம்பளம் கிடையாது. சர்டிபிகேட் உண்டு!"

"சம்பளம் இல்லாம மெட்ராசுக்கு எதுக்குடா?" என்பார் அப்பா. "அனுபவம்ப்பா" என்பான் மகன். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

யார் கொடுப்பது?

அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 10 ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 6 மாதத்துக்கு 60 ஆயிரம். கம்பெனி கொடுக்காத சம்பளத்தை அப்பா கொடுக்கிறார். அவ்வளவுதான்! அருப்புக்கோட்டை ஒர்க்ஷாப்பில் தொழில் பழகுகிற பையனுக்குக்கூட டீச் செலவு கிடைத்துவிடும்.

2024 நவம்பரில் சொமேட்டோவை நிறுவிய தீபிந்தர் கோயல் ஒரு அறிவிப்பு விட்டார். முதல் வருடம் சம்பளம் இல்லை. வருகிறவர் 20 லட்சம் நன்கொடை கட்ட வேண்டும்! 10 ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பிறகு "அது சும்மா வடிகட்டத்தான்" என்றார் அவர். 20 லட்சம் வைத்திருப்பவன் ஒரு வருடம் சும்மாவும் உழைக்கலாம். மிளகாய் விற்று பீஸ் கட்டிய வீட்டில் முடியுமா?

கேட்க வேண்டியது

அதற்காக எல்லாமே மோசம் என்று தள்ளவும் வேண்டாம். படிக்கும்போதே, லீவு நாளில், 1 மாதம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் இருந்தால் தாராளமாகப் போகலாம். வீட்டில் இருந்தே செய்யலாம் என்றால் இன்னும் நல்லது. "யார் சொல்லித்தருவாங்க? முடிச்சா வேலை உண்டா?" என்று கேட்டால் மழுப்புகிற இடத்துக்கும், டெபாசிட் கட்டச் சொல்கிற இடத்துக்கும் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

சம்பளத்தோடு பழகலாம்

படிப்பை முடித்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9 ஆயிரம், டிப்ளமோக்காரருக்கு 8 ஆயிரம் உதவித்தொகை என்று 2019-ல் விதி வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகள் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். ஐந்தாறு பேர் நடத்தும் புதுக் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இதைக் கவனிக்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஆனால் பெயர் பதிய அதுவரை பஸ் ஏற வேண்டாம். செல்போனிலேயே பதியலாம். கட்டணம் கிடையாது.