300 மீட்டர் தூரத்தில் பனிக்கரடி

"முந்நூறு மீட்டர் தள்ளி நின்னு பாக்கறதுக்கா இத்தன லட்சம் கட்டிட்டுப் போறான்?"

பாகலூரில் ரோஜாப் பண்ணை வைத்திருக்கும் அண்ணன் கேட்டார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன், ஆர்க்டிக் கப்பல் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறான். பனிக்கரடியைக் கப்பலின் கம்பியோரம் நின்றே தொட்டுவிடலாம் என்று அண்ணன் நினைத்திருந்தார் போல.

பயணம் தொடங்குவது ஸ்வால்பார்ட் தீவுகளின் லாங்இயர்பியன் ஊரில், 78 டிகிரி வட அட்சத்தில். நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவிலிருந்து மூன்று மணி நேர விமானம். ஜூலையில் அங்கே சராசரி வெப்பம் 7 டிகிரி. வெட்டிய ரோஜாவைக் கட்டுக் கட்டாக அடுக்கும் கோல்டு ரூமுக்குள் நாள் முழுக்க நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன், அண்ணனுக்குப் புரிந்தது. அதோடு கடல் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதே இல்லை. நள்ளிரவில் கரடி தென்பட்டாலும் எழுப்பிவிடுவார்கள்.

விசாவில் ஒரு சங்கதி. ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சியில் இருந்தாலும் ஐரோப்பாவின் பொது விசா வட்டாரமான ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்விட்டு ஓஸ்லோவுக்குத் திரும்புவது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசாவோடு கிளம்பினால் திரும்பும்போது சிக்கல்.

கப்பல்கள் சிறியவை. இன்ன நாள் இன்ன இடம் என்று அச்சடித்த திட்டம் எதுவும் நிற்காது. பனியும் காற்றும் விட்ட வழியில்தான் போக்கு. கரைக்குப் போவது ரப்பர் படகில். துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் முதலில் இறங்கி, கரடி இல்லை என்று பார்த்த பிறகே மற்றவர்கள் கால் வைக்கலாம். ஆல்கெஃபியெல்லட் பாறைச் சுவரில் பல்லாயிரம் ஜோடி கில்லிமாட் பறவைகள் விளிம்பு விளிம்பாக நெருக்கியடித்து, கூடு கட்டாமல் வெறும் பாறையிலேயே அடைகாக்கும். கரையில் மூட்டைகளைக் கொட்டிவைத்ததுபோல் வால்ரஸ்கள் குவிந்து கிடக்கும். தந்தத்துக்காகவும் கொழுப்புக்காகவும் கொன்று குவிக்கப்பட்டு, அங்கே ஏறக்குறைய அற்றே போன இனம் அது. 1952-இல் வேட்டை தடைசெய்யப்பட்ட பிறகே மெல்லப் பெருகியது.

இனி அந்த 300 மீட்டருக்கு வருவோம். 2025 ஜனவரி 1 முதல் ஸ்வால்பார்டில் பனிக்கரடியை 300 மீட்டருக்குள் நெருங்குவது சட்டவிரோதம். மார்ச் முதல் ஜூன் முடிய அது 500 மீட்டர், ஏனென்றால் குட்டி ஈன்ற தாய் குகையைவிட்டு வெளிவரும் காலம் அது. கடல்பனி மேல் சீல் பிடித்துத் தின்று கொழுப்பைச் சேர்க்க வேண்டிய பருவமும் அதுவே. படகின் இரைச்சலுக்கு மிரண்டு ஓடும் ஒவ்வொரு ஓட்டமும் அந்தச் சேமிப்பைக் கரைக்கிறது. கரடியே நம்மை நோக்கி வந்தாலும் பின்வாங்க வேண்டியவர்கள் நாம்தான். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பலுக்கும் இனி இடமில்லை. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலக சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. கரடி நிற்கும் பனியே கரைந்துகொண்டிருக்கும்போது, அதைத் துரத்தவும் செய்வது கொடுமை.

2018 ஜூலையில் ஸ்வால்பார்டின் வடகோடித் தீவு ஒன்றில், பயணிகளை இறக்குவதற்கு முன் கரையைப் பார்க்கப் போன கப்பல் காவலர் ஒருவரைக் கரடி தாக்கியது. கூட இருந்தவர்கள் அதைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் இடத்துக்கு நாம் போனோம், அது செத்தது. படித்தபோது எனக்கு நம்மூர் யானைகள்தான் நினைவுக்கு வந்தன.

ராகி முற்றும் காலத்தில் பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் சானமாவுக் காடு வரை வருகின்றன. விடிந்ததும் செய்தி பரவி, பைக்குகள் கிளம்பிவிடும். செல்போனை உயர்த்திக்கொண்டு வரப்பில் ஓடுகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள், கல்லெறிகிறார்கள். குட்டியை நடுவில் விட்டு அணைத்தபடி தாய் யானைகள் திசை தெரியாமல் ராகிக் கொல்லையில் சுழலும். பயிரை இழந்து இரவெல்லாம் காவல் இருக்கும் விவசாயியின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. வேடிக்கை பார்க்க வந்தவனின் கல்லை மன்னிக்கவே முடியவில்லை.

ஸ்வால்பார்டில் நம் தடமும் உண்டு என்று அண்ணனிடம் சொன்னேன். நி-ஓலெசுன்ட் என்ற குடியிருப்பில் 2008 முதல் 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் இயங்குகிறது. அதையொட்டிய ஃபியோர்டு (குறுகிய கடற்கழி) நீரில் 2014-இல் இறக்கப்பட்ட 'இண்டார்க்' கருவித் தொகுதியை உருவாக்கியதில் நம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்குண்டு. அந்தக் குடியிருப்பை நெருங்கும்போது செல்போனின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட வேண்டும். அங்குள்ள வானலைக் கருவிகளுக்கு அவ்வளவு அமைதி தேவை.

"சரிப்பா, அவனுக்கு என்னதான் வாங்கித் தர்றது?" என்றார் அண்ணன்.

நல்ல பைனாகுலர் ஒன்று என்றேன். எட்டு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில், 300 மீட்டரில் நிற்கும் கரடி நாற்பது மீட்டருக்கும் உள்ளே நிற்பதுபோல் தெரியும். கார்த்திகையில் யானைகள் வரும்போது, அதையே எடுத்துக்கொண்டு அவன் சானமாவுக்கு வரட்டும்.