இளையோர் நீரிழிவு: மரபணுவின் பங்கு என்ன?

குரோம்பேட்டை, தாம்பரம் போன்ற நம் பகுதி இல்லங்களில் பள்ளிப் பருவப் பிள்ளைக்கு முதல்வகை நீரிழிவு எனத் தெரியவந்தால், "இது தாய்வழி வந்ததா, தந்தைவழி வந்ததா?" என்னும் கேள்வியே முதலில் எழுகிறது. அக்கேள்விக்கு அறிவியல் தரும் விடையை நாம் அறிந்திருத்தல் நன்று.

இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றல், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே பகையெனக் கருதி அழிக்கிறது. தன்னுடையதையும் அயலையும் பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. அவற்றை நாம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறுகிறோம். அவற்றுள் டி.ஆர்.3, டி.ஆர்.4 வகைகள் நோய்க்கான வாய்ப்பை மிகுவிக்கின்றன. ஆயினும் அவ்வகைகளை உடையோருள் மிகப் பெரும்பாலோர் நோயுறுவதில்லை. ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வரின், மற்றவருக்கும் வருவது பல ஆய்வுகளில் 100க்கு 30 முதல் 50 வரையே. நோயுறும் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு நெருங்கிய உறவினர் எவரிடமும் இந்நோய் இருந்ததில்லை. மரபணு நிலத்தைப் பண்படுத்துகிறது. விதை வேறிடத்திலிருந்து வருகிறது. நுண்கிருமித் தொற்று போன்ற புறக்காரணிகள் ஆராயப்பட்டு வருகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2006இல் தொடங்கிய இளையோர் நீரிழிவுப் பதிவேட்டின் மையங்களுள் சென்னையும் ஒன்று. முதற்கட்டத்தில் பதிவானோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முதல்வகையினரே.

எனவே தாயைப் பழிப்பதும், இன்சுலின் செலுத்திக்கொள்ளும் பெண்ணுக்கு மணம் மறுப்பதும் அறிவுக்கும் நீதிக்கும் பொருந்தா. பழி தேடுவதை விடுத்து, இன்சுலின் ஒரு நாளும் தவறாதிருக்கச் செய்வதே நம் கடமையாகும்.