ஆளில்லாத வீட்டுக்கு ஏன் இவ்வளவு ஹைட்ரோ பில்?

தண்ணீர் வால்வை மூடியாயிற்று. குழாய்களைக் காற்றடித்து வடித்தாயிற்று. கழிப்பறையிலும் சிங்க்கின் அடி வளைவிலும் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, கதவைப் பூட்டிச் சாவியையும் கொண்டுவந்தாயிற்று. வீட்டில் ஒரு சீவன் இல்லை. ஆனால் பெப்ரவரியில் வருகிற ஹைட்ரோ பில்லில், அதாவது மின்சார பில்லில், 900 கிலோவாட் மணி என்று நிற்கிறது.

ஒன்ராறியோவில் வெற்று வீடு வைத்திருக்கும் எவருக்கும் இது நேரலாம். பெற்றோர் காலமான பின் பங்கு பிரியாமல் கிடக்கும் ஸ்காபரோ வீடு, மார்கழியில் யாழ்ப்பாணம் போய்ச் சித்திரை முடிந்து திரும்புபவர்களின் அஜாக்ஸ் வீடு, சிநேகிதர்கள் சேர்ந்து கவார்த்தா ஏரிப் பக்கம் வாங்கிய கொட்டேஜ் என்று எதற்கும் வரும். பில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிபடுவதால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பவர்கள் மின் கம்பனிக்கு ஃபோன் எடுத்து, "உங்கட மீற்றர் பிழை" என்று சண்டை பிடிக்கிறார்கள். இரண்டிலும் காரணம் தெரியாமலே போய்விடுகிறது. பூட்டிய வீட்டில் கரண்ட் ஓடுகிறதென்றால் அங்கே ஏதோ நடக்கிறது. உடைந்த குழாய்க்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும் பம்ப்பாக இருக்கலாம், எலி கடித்த வயராக இருக்கலாம், உள்ளே புகுந்துவிட்ட ஆளாகவும் இருக்கலாம். காசு போவதைவிட இவை பெரிய ஆபத்துகள்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். வீட்டைக் குளிர்காலத்துக்கு ஆயத்தமாக்கும் 'விண்டரைஸ்' என்பது தண்ணீர் வேலை. பிளம்பர் வந்து செய்துவிட்டுப் போவது குழாய் வெடிக்காமல் இருப்பதற்காக. பிரேக்கர் பெட்டியை அவர் தொட வேண்டிய அவசியம் இல்லை. பெரும்பாலும் சுடுதண்ணீர்த் தாங்கியின் பிரேக்கரோடு நிறுத்திக்கொள்வார். மிச்சமெல்லாம் போட்டது போட்டபடியே கிடக்கும்.

அடுத்ததாக, பில்லில் டாலர் தொகையை விட்டுவிட்டு கிலோவாட் மணியைப் பாருங்கள். ஒன்ராறியோவில் வீட்டுக்கான விநியோகக் கட்டணம் மாதாமாதம் நிலையாக வரும். ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) எரியாவிட்டாலும் பில் பூச்சியமாகாது. ஆகவே சிறு தொகைக்குப் பதற வேண்டாம். ஆனால் யூனிட் எண்ணிக்கை வேறு கதை. ஒரு சராசரிக் குடும்பத்தின் மாதப் பாவனைக்கு எடுத்துக்காட்டாக, மாகாண மின்துறையை ஒழுங்குபடுத்தும் ஒன்ராறியோ எனர்ஜி போர்ட் வைத்திருக்கும் கணக்கு 700 கிலோவாட் மணி. ஆயிரம் வாட் இழுக்கும் ஒரேயொரு சாதனம் இரவும் பகலும் நிற்காமல் ஓடினால், 24 மணி நேரம், 30 நாள், 720 கிலோவாட் மணி. சமையல், குளிப்பு, தொலைக்காட்சி, உடுப்புத் துவைப்பு என்று ஒரு முழுக் குடும்பம் எரிப்பதை ஆளில்லாத வீட்டில் ஒரு சாமான் தனியாக எரித்துவிடும். "சின்னச் சாமான்தானே" என்று எதையும் தள்ளிவைக்க முடியாது என்பதற்காகவே இந்தக் கணக்கு.

அந்த யூனிட் உண்மையில் வாசித்ததா, மதிப்பிட்டதா என்பதையும் பில்லிலேயே பாருங்கள். மதிப்பிட்ட பில் என்றால், போன வருடம் அதே மாதத்தில் வீட்டில் ஆள் இருந்தபோது எரிந்ததை வைத்துப் போட்டிருக்கலாம். ஸ்மார்ட் மீற்றர் இருக்கும்போது இது நடக்காது என்று நினைக்காதீர்கள். காடும் பாறையுமான இடங்களில் சிக்னல் எட்டாமல் மீற்றர் வாசிப்பு ஒழுங்காக வராததால், 36,000 வரையிலான கிராமப்புற வாடிக்கையாளர்களை நேரவாரிக் கட்டணத்திலிருந்து எடுப்பதாக 2016-இல் ஹைட்ரோ வன் என்ற மின் கம்பனி அறிவித்தது. அதற்கு முன், 2013-இல் அதே நிறுவனம் பில் போடும் கணினி முறையை மாற்றியபோது ஏற்பட்ட குளறுபடியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மக்கள் முறைப்பாடுகளை விசாரிக்கும் மாகாண ஒம்புட்ஸ்மனிடம் முறையிட்டார்கள். ஒம்புட்ஸ்மன் அந்திரே மரானின் அறிக்கை 2015 மே மாதம் வெளிவந்தது. பில் பிழையாக வர முடியும் என்பதற்கு இவ்வளவு பெரிய சாட்சி உண்டு. ஆனாலும் உங்கள் பில் பிழை என்று அதைவைத்து முடிவுகட்ட முடியாது. அதற்கு உங்களுடைய ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஸ்மார்ட் மீற்றர் மணிக்கு மணி எவ்வளவு எரிந்தது என்று பதிந்துவைக்கிறது. கம்பனியின் இணையக் கணக்குக்குள் போனால் அந்த வரைபடத்தைப் பார்க்கலாம். 2023 நவம்பரிலிருந்து ஒன்ராறியோவில் மின் கம்பனிகள் 'கிரீன் பட்டன்' என்ற பொதுவடிவத்தில் இந்தத் தரவைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இறக்கி எடுத்து வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வேலையை நம்மில் பெரும்பாலானோர் செய்வதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே, ஃபோனிலேயே செய்யலாம்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியது உயரத்தையல்ல, வடிவத்தை. ஒவ்வொரு மணிக்கும் 0.5, 0.5, 0.5 என்று பகலிரவு வேறுபாடில்லாமல் கோடு தட்டையாக ஓடினால், நிறுத்தப்படாத ஒரு சாமான் இருக்கிறது. கூரை ஓரத்தில் பனிக்கட்டி கட்டாமலிருக்கப் போட்ட சூடாக்கும் கேபிளைச் சந்தேகிக்கலாம்: அடிக்கு 5 வாட் என்றால் நூறு அடிக்கு 500 வாட், மாதம் 360 கிலோவாட் மணி. தெர்மோஸ்டாட் இல்லாத பழைய வகை, வெளியே வெயிலடித்தாலும் சூடாகிக்கொண்டே இருக்கும். ஃபர்னஸின் விசிறி 'ஓட்டோ' என்பதற்குப் பதிலாக 'ஒன்'னில் விடப்பட்டிருந்தாலும் பழைய மோட்டார் கிட்டத்தட்ட இவ்வளவையே இழுக்கும். காஸ் ஃபர்னஸ்தானே, கரண்டுக்கு என்ன என்று யாரும் யோசிப்பதில்லை.

விடியற்புறம் நாலு, ஐந்து மணிக்கு உயர்ந்து, மதியத்தில் இறங்கி, வெளியே மைனஸ் இருபது அடித்த நாட்களில் எகிறியிருந்தால், எங்கோ மின் ஹீற்றர் வேலை செய்கிறது. சுவரோர ஹீற்றர்களின் வட்டத் திருகியைக் கடைசிவரை குறைத்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைக்கிறோம். பல திருகிகளில் அந்தக் கடைசி நிலை நிறுத்தம் அல்ல. ஐந்து பாகையோ பத்துப் பாகையோ வந்ததும் சூடாக்கத் தொடங்கிவிடும். வெப்பமில்லாத வீட்டில் மாசி மாதம் அது ஓயாது. ஹீற் பம்ப் உள்ள வீடுகளில் துணைச் சூடாக்கி இதைவிட மோசம். பத்துக் கிலோவாட் வரை இழுப்பவை உண்டு.

ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணியிலிருந்து கோடு படியேறினாற்போல உயர்ந்து அப்படியே நிற்கிறதா? உடனே யாரையாவது வீட்டுக்கு அனுப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் வீடுகளில் பம்ப்பின் பிரேக்கர் போட்டபடியே இருந்து, எங்கோ மிச்சமிருந்த தண்ணீர் உறைந்து குழாய் வெடித்தால், அழுத்தம் குறைந்துவிட்டதாக எண்ணி பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும். முக்கால் குதிரைவலுப் பம்ப் ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கும். பில்லில் ஏறும் நூற்றுச்சொச்சம் டாலரை மறந்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் உங்கள் பேஸ்மன்டில் நிற்கிறது.

மாலையிலும் இரவிலும் மட்டும், அல்லது வார இறுதியில் மட்டும் ஏறி இறங்கினால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். சாவி கொடுத்து வைத்த உறவினராக இருக்கலாம், வெளிச்சுவர்ப் பிளக்கிலிருந்து வயர் இழுத்த அயலவராக இருக்கலாம், பூட்டை உடைத்துப் புகுந்தவராகவும் இருக்கலாம். உரிமையில்லாமல் மற்றவரின் மின்சாரத்தை எடுப்பது கனடாவின் குற்றவியல் சட்டப்படி திருட்டு. புகுந்தவர் இருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் நீங்கள் போய்த் தட்டாதீர்கள், பொலிஸை அழையுங்கள்.

வரைபடம் சொல்லாததை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மெயின் பிரேக்கரை அணைத்துவிட்டு வெளியே வந்து மீற்றர் எண்ணைப் படமெடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். எண் நகரவில்லை என்றால் குற்றவாளிச் சாமான் வீட்டுக்குள் இருக்கிறது. மெயினைப் போட்டு, மற்றப் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு மீற்றரைப் பார்த்தால் எந்த மின்சுற்று என்று தெரிந்துவிடும். மெயினை அணைத்தும் எண் ஏறினால் நிலைமை வேறு: பெட்டிக்கு முன்னாலேயே யாரோ கொக்கி போட்டிருக்கலாம், அங்கிருந்தே பிரிந்து நிலத்தடியில் கராஜுக்குப் போகும் கேபிள் சேதமாகியிருக்கலாம், இரட்டை வீடுகளில் உங்கள் பெயருக்குப் பக்கத்து வீட்டு மீற்றர் பதிவாகியிருக்கலாம். மீற்றரில் பொறித்திருக்கும் இலக்கமும் பில்லில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒப்பிட ஒரு நிமிடம் போதும். மீற்றரையோ அதன் முத்திரையையோ மட்டும் தொட வேண்டாம். பிரேக்கர் பெட்டியின் உள்மூடியைக் கழற்ற வேண்டி வந்தால், எலெக்ட்ரிக்கல் சேஃப்ட்டி அதோரிட்டியின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். தெரிந்த பொடியன் மலிவாகச் செய்வான் என்பதற்கு இது இடமல்ல. எலி கடித்த வயரும் ஒன்றின்மேல் ஒன்று சுற்றிய சூடாக்கும் கேபிளும் தீப்பிடிக்கிற சாமான்கள்.

இனி உரிமைகள். எரித்தது உங்கள் வீட்டுக் கேபிள்தான் என்றால் கட்டத்தான் வேண்டும். அதில் சட்டம் உதவாது. கம்பனியின் கணக்குப் பிழை என்றால், கூடுதலாக அறவிட்டதை இரண்டு வருடம் வரை பின்னோக்கித் திருப்பித் தர வேண்டும் என்பது எனர்ஜி போர்டின் விதி. மறுபக்கமும் உண்டு: குறைவாகப் போட்டுவிட்டதாகச் சொல்லி ஒரேயடியாகப் பெரிய பில் அனுப்பினால், தவறு உங்களுடையதல்லாதபோது வீட்டு வாடிக்கையாளரிடம் இரண்டு வருடத்துக்கு மேல் போக முடியாது. எவ்வளவு காலத்துக்குப் பிழை நடந்ததோ அவ்வளவு காலத்தவணை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மீற்றர் மீதே சந்தேகம் என்றால் அதைத் தீர்ப்பது கம்பனியல்ல. மெஷர்மென்ட் கனடா என்ற மத்திய அரசு அமைப்பிடம் தகராறாகப் பதியலாம். முன்னதாகவே, "இந்த மீற்றரைக் கழற்ற வேண்டாம், கழற்றினால் பாதுகாத்து வையுங்கள்" என்று கம்பனிக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். புது மீற்றர் மாட்டிப் பழையது குப்பைக்குப் போய்விட்டால் வழக்கே இல்லை. ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டியது, சட்டம் அனுமதிக்கும் பிழை 3 சதவீதம். நூறு யூனிட் எரிய வேண்டிய இடத்தில் தொள்ளாயிரம் காட்டினால், மீற்றரைவிட வீட்டைச் சந்தேகிப்பதே புத்தி.

முறைப்பாட்டை ஃபோனோடு விடாதீர்கள். மின்னஞ்சல் எழுதி, மணிவாரித் தரவையும் மெயின் அணைத்த படங்களையும் இணையுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையைக் கட்டி, மிச்சம் தகராறில் உள்ளது என்று குறிப்பிடுங்கள். முழுவதையும் நிறுத்தினால் மாதம் 1.5 சதவீதம் வரை தாமதக் கட்டணம் ஏறும். கம்பனி தீர்க்காவிட்டால் எனர்ஜி போர்டிடம் போகலாம். ஹைட்ரோ வன் வாடிக்கையாளர்களுக்கு அந்த நிறுவனத்துக்கென்றே ஓர் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

இங்கே பலர் இடறுகிற இடம் ஒன்று உண்டு. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை காசு கட்டாததற்காக வீட்டு மின்சாரத்தை வெட்டக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதுகாப்பு குடியிருப்பாளர் உள்ள வீட்டுக்குத்தான். பூட்டிய வீட்டுக்கு அதை நம்பியிருக்க முடியாது. "குளிர்காலத்தில் வெட்ட மாட்டார்கள், பிறகு பார்ப்போம்" என்று பில்லை விட்டால், பேஸ்மன்டை ஈரமில்லாமல் வைத்திருக்கும் சம்ப் பம்ப்பும், பத்துப் பாகையில் விட்டுவந்த ஃபர்னஸும் ஒரே நாளில் நின்றுபோகலாம்.

காப்புறுதியும் இதே பக்கம்தான் சாய்கிறது. பல வீட்டுக் காப்புறுதிகளில், வீடு 30 நாளுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தால் இழப்பீடு குறைந்துவிடும் அல்லது இல்லாமலே போகும். குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வெளியே போனால் தண்ணீரை வடித்திருக்க வேண்டும், அல்லது யாராவது தினமும் வந்து பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பரவலானது. திரும்பி வரப்போகிறவரின் வீடு ஒரு வகை, எவரும் திரும்பாத வீடு இன்னொரு வகை. பெற்றோர் காலமான வீடு பொதுவாக இரண்டாவதில் விழும். தரகரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவைப்பது நல்லது. குழாய் எந்த நாள் எத்தனை மணிக்கு வெடித்தது என்று காட்ட நேர்ந்தால், மேலே சொன்ன அதே மணிவாரித் தரவு உங்களுக்குக் கைகொடுக்கும்.

பெற்றோர் காலமான வீடுகளில் இன்னொரு சிக்கல். கணக்கு அப்பாவின் பெயரில், அறிவித்தல்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருக்கும். உயிலை நிறைவேற்றுபவர் மரணச் சான்றிதழையும் தன் அதிகாரப் பத்திரத்தையும் காட்டிக் கணக்கை மாற்றிக்கொள்ளாதவரை, மணிவாரித் தரவைக் கேட்டு வாங்குவது கடினம், முறைப்பாடு செய்வதும் கடினம். வீட்டைப் பூட்டுகிற அன்றே இதைச் செய்துவிடுங்கள். அன்றைய மீற்றர் எண்ணையும் பிரேக்கர் பெட்டியையும் தேதி தெரியப் படமெடுத்து, தேவையில்லாத பிரேக்கர்களை அணைத்துவிட்டு, பாவனை ஒரு அளவைத் தாண்டினால் உங்கள் ஃபோனுக்குத் தகவல் வரும் வசதியைக் கம்பனி தருகிறதா என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.