"சும்மா பகிடிக்குத்தான் சேர்!"
(தொடர் – 9)

சென்ற வாரம், இணையத்தில் அடுத்த பிள்ளைகளை வதைக்கும் போலிக் கணக்குகளைப் பார்த்தோம். அவற்றின் பின்னால் இருக்கும் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை? ஆசிரியர்களைக் கேட்டால் அனேகமாக ஒரே பதில்: "வீட்டில் ஏதோ பிரச்சினை. தாழ்வு மனப்பான்மை." இரக்கமான பதில்தான். ஆனால் பாதிதான் சரி.

பாடசாலைகளில் நடக்கும் வதையை 1970களிலேயே ஆராயத் தொடங்கியவர் டான் ஓல்வியூஸ். அடுத்தவரை வதைக்கும் பிள்ளைகளில் பலர் உள்ளுக்குள் நடுங்குகிறவர்கள் அல்லர் என்பது அவர் கண்டது. அவர்களுக்குத் தன்னம்பிக்கை குறையவில்லை. அடுத்தவன் வலிதான் உறைப்பதில்லை. பின்னால் வந்த ஆளுமை ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. விட்டுக்கொடுத்துப் போகும் குணமும் பொறுப்புணர்வும் குறைந்தவர்களே வதைப்பதில் முன்னிற்கிறார்கள். எளிதில் பதறுகிற, கவலைப்படுகிற பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தற்பெருமை, சூழ்ச்சி, ஈரமின்மை ஆகிய மூன்றையும் 2002இல் ஒரே சரட்டில் கோத்தார்கள் கனடாவின் ஆய்வாளர்கள் போல்ஹஸும் வில்லியம்ஸும். இணையத்தில் வம்பிழுத்து மகிழ்பவர்களிடம் பிறர் வேதனையை ரசிக்கும் குணமும் சேர்ந்திருக்கிறது என்று 2014இல் இன்னோர் ஆய்வு சொன்னது. ஆனால் இவற்றில் பல, வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பெற்ற முடிவுகள். பதினான்கு வயதுப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவதற்கான சீட்டுகள் அல்ல.

குணம் மட்டும்தான் காரணமென்றால் பேராதனையை எப்படி விளக்குவது? 1997இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட முதலாமாண்டு மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதைக்கு ஆளானார். அளவுமீறி உடற்பயிற்சி செய்ய வைத்ததில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். வதைத்தவர்கள் யார்? உயர்தரத்தில் நல்ல புள்ளி எடுத்து, ஊரே மெச்ச வந்த பிள்ளைகள். அத்தனை பேரும் பிறவியிலேயே ஈரமற்றவர்களா? நான் நம்பவில்லை. கூட்டம் அனுமதி கொடுத்தது. "நாங்களும் பட்டோம்தானே" என்ற நியாயம் மிச்சத்தைச் செய்தது. அடுத்த ஆண்டே 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது.

இன்று அதே கூட்டம் கைப்பேசிக்குள் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது, அதுவரை போனைத் தொடவிடாத வீடுகளும் கடன்பட்டாவது ஒன்றை வாங்கிக் கொடுத்தன. பாடசாலை திறந்தது, போன் திரும்பிப் போகவில்லை.

கண்டியில் இந்தக் கைப்பேசிக் கூட்டத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வார இறுதி டியூஷனுக்குக் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, கம்பளை, தோட்டப்புறம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே உருவாகும் வாட்ஸ்அப் குழு எந்தப் பாடசாலைக்கும் சொந்தமில்லை. ஒருத்தியின் படத்தை வெட்டி ஒட்டி, அவள் பேசும் தோட்டத் தமிழைக் குரல்பதிவாக்கிச் சுற்றவிட்டால் எந்த அதிபர் விசாரிப்பார்? "எங்கள் வளவுக்குள் நடக்கவில்லை" என்பார் அதிபர். "நான் பாடம் மட்டும்தான் எடுக்கிறேன்" என்பார் டியூஷன் சேர். பிடிபட்ட பையனோ, "சும்மா பகிடிக்குத்தான் சேர்" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. அழுகிற முகம் திரையில் தெரியாது. சிரிக்கிற இமோஜிகள்தான் தெரியும்.

அதனால் போனைப் பறிப்பதை முதல் வேலையாக வைக்காதீர்கள். பறிபோகும் என்ற பயத்திலேயே அடிபட்ட பிள்ளை வாயைத் திறக்காது. என் கண்ணில், பெரிய பொறுப்பு அந்த இமோஜி போடுகிறவர்களுக்குத்தான். தொடங்கியவனின் குணத்தை மாற்ற ஆண்டுகள் ஆகலாம். பார்த்துச் சிரிக்கும் முப்பது பேரில் இரண்டு பேர் "நிப்பாட்டுடா" என்று எழுத ஒரு நிமிடம் போதும். டியூஷன் நடத்துகிறவர்களும் குழுவை ஆரம்பிக்கும் நாளிலேயே அதற்குப் பொறுப்பாக ஒரு பெரியவரை வைக்க வேண்டும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு இப்படி நடந்தால் எதையும் அழிக்காதீர்கள். திகதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குக் கட்டணமின்றி அழைக்கலாம்.

(தொடரும்)