கேட்கத் தகுந்த வலையொலிகள்

கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோ முழங்கிய காலத்தை நம்மிடையே உள்ள முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மாலை வேளையில் ரேடியோ அறையின் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியதும், வயலிலிருந்து திரும்பியவர்கள் சாவடித் திண்ணையில் அமர்ந்து செய்திகளையும் விவசாய நிகழ்ச்சியையும் கேட்பது வழக்கமாக இருந்தது. அந்த அறைகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. சில இடிந்தும் போயின. ஆயினும் கேட்கும் பழக்கம் ஒழிந்துவிடவில்லை. அது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ள கைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. பாட்காஸ்ட் என்றும், தமிழில் வலையொலி என்றும் வழங்கும் இச்சாதனத்தைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிய வேண்டிய சிலவற்றையும், நான் கேட்டு மகிழ்ந்த தொடர்களைப் பற்றிய என் சொந்த அபிப்பிராயத்தையும் இங்கு எழுத முற்படுகிறேன்.

வலையொலி என்பது பதிவு செய்து இணையத்தில் வைக்கப்பட்ட பேச்சாகும். ஒரு தொடருக்கு நாம் பெயர் பதிந்துகொண்டால், அதன் புதிய பகுதி வெளிவந்தவுடன், சந்தாதாரருக்குத் தபாலில் வரும் பத்திரிகையைப் போல அது நம் கைபேசிக்கு வந்து சேரும். பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள கார்டியன் பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில்தான் பாட்காஸ்ட் என்னும் சொல் முதன்முதலில் தோன்றியது. ஐபாட் என்ற பாட்டுக் கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் ஒட்டவைத்துச் செய்தது அது. ஐபாட் கருவியை 2022-இல் அதன் கம்பெனியே நிறுத்திவிட்டது. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. அரை மணி நேரப் பேச்சு ஒன்று சாதாரணமாக 15 முதல் 30 மெகாபைட்டுக்குள் அடங்கும். படக்காட்சியோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். ஊருக்குள் இணைப்பு நன்றாகக் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் எட்டாத தோட்டத்திலும் தடையின்றிக் கேட்கலாம்.

வானொலியில் சொன்னது காற்றோடு போய்விடும். வலையொலியை நிறுத்தலாம், திருப்பலாம், நாளை மறுபடியும் கேட்கலாம். இதுவே இதன் முதன்மையான சௌகரியம். இதிலேயே ஓர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் சிபாரிசு செய்பவற்றுள் முதலிடம் பெறுவது, பி.பி.சி. நான்காம் வானொலியும் பிரிட்டிஷ் மியூசியமும் சேர்ந்து 2010-இல் வழங்கிய ‘எ ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட் இன் 100 ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற தொடர். அக்காலத்தில் மியூசியத்தின் இயக்குநராக இருந்த நீல் மெக்கிரெகர், அங்குள்ள நூறு பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் பேசியிருக்கிறார். அரசர்களின் சண்டைகளை அடுக்கும் சரித்திரம் அன்று இது. பப்புவா நியூகினியில் கிடைத்த கல் உலக்கை, எகிப்து நாட்டுக் களிமண் மாடுகள், மாயா மக்களின் மக்காச்சோளத் தெய்வம் என்று தொடக்கத்திலேயே உழவின் பிறப்பைப் பற்றிய பேச்சுகள் வருகின்றன. பயிர் செய்யத் தொடங்கிய மனிதனின் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பதைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவன் நான். இந்தப் பேச்சுகளைக் கேட்டபொழுதுதான் அது என் மனத்தில் பதிந்தது.

அத்தொடரில் நாற்பதாவதாக வரும் பொருள், ஹாக்ஸ்னி என்ற இங்கிலாந்துக் கிராமத்தில் அகப்பட்ட ரோமானிய மிளகுக் குப்பி. அது அகப்பட்ட விதமே ஒரு கதை. 1992-இல் அவ்வூர்க் குத்தகை விவசாயி ஒருவர் தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தருமாறு, உலோகம் காட்டும் கருவி வைத்திருந்த நண்பரை அழைத்தார். சுத்தியலைத் தேடப்போன இடத்தில், ஏறக்குறைய 15,000 நாணயங்களும், தங்க நகைகளும், வெள்ளிப் பாத்திரங்களும் அடங்கிய புதையல் வெளிப்பட்டது. அவற்றோடு, ஒரு சீமாட்டியின் உருவத்தில் செய்த வெள்ளிக் குப்பியும் இருந்தது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு அதில் போட்டுவைத்த மிளகு எங்கிருந்து போயிருக்கும்? பழைய சேர நாட்டு மலைச்சாரலில் விளைந்து, முசிறி முதலிய மேற்குக் கரைத் துறைமுகங்களின் வழியாகக் கப்பலேறிய சரக்கல்லவா ரோமானியர் உண்ட மிளகு! சுத்தியலும் பின்னர்க் கிடைத்தது. அதையும் மியூசியத்திலேயே வைத்திருக்கிறார்கள். விளைபொருளுக்கு விலை கிடைப்பதைப் பற்றி நாள்தோறும் பேசும் நமக்கு, விளைந்த இடத்துக்கும் விற்ற இடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணிப்பார்க்க இந்தப் பகுதி உதவும். நூறாவது பொருளாக அவர்கள் எடுத்துக்கொண்டது சூரிய ஒளியில் எரியும் ஒரு சிறு விளக்கு. மின்கம்பி எட்டாத கிராமங்களுக்கு அதனால் என்ன வந்தது என்பதே அப்பேச்சின் பொருள்.

அடுத்தது, பொருளாதார எழுத்தாளரான டிம் ஹார்ஃபோர்டு என்பவர் 2016-ஆம் ஆண்டு முதல் பி.பி.சி. உலக ஒலிபரப்பில் பேசிய ‘50 திங்ஸ் தட் மேட் தி மாடர்ன் எகானமி’. ஒவ்வொரு பேச்சும் பத்து நிமிடத்துக்கு உட்பட்டது. கலப்பை, முள்கம்பி, குளிர்பதனம், கான்கிரீட்டு, கைபேசி வழியே பணம் அனுப்புதல் போன்றவை தலைப்புகள். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்க ஹேபர், பாஷ் என்ற இரு ஜெர்மானியர்கள் வழி கண்டதைக் கூறும் பேச்சை, யூரியா மூட்டை சுமக்கும் எவரும் ஒருமுறை கேட்கவேண்டும். 1913-இல் ஓப்பாவ் என்ற இடத்தில் தொடங்கிய அத்தொழிற்சாலையின் வம்சத்தில் வந்ததே நம் வயலில் இன்று இறைக்கும் தழைச்சத்து. ஹார்ஃபோர்டு சற்று வேகமாகப் பேசுகிறார். இரண்டு முறை கேட்டால்தான் முழுவதும் பிடிபடுகிறது.

‘தி ஆர்ச்சர்ஸ்’ என்ற நாடகத்தை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை. அவர்களுடைய பேச்சு வழக்கு நமக்கு எளிதில் விளங்குவதில்லை. எனக்கே பாதிதான் விளங்கிற்று. ஆனால் அதன் வரலாறு நமக்குப் பயன்படும். 1948-இல் பர்மிங்ஹாமில் விவசாயிகளும் வானொலிக்காரர்களும் கூடிய கூட்டத்தில், துப்பறியும் நாடகத்தை மக்கள் ஆவலோடு கேட்பதுபோல விவசாயத்தையும் கதையாக்கினால் என்ன என்று ஒரு விவசாயி கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த நாடகம் 1951 ஜனவரி முதல் நாடெங்கும் ஒலிபரப்பாகி, இன்றும் நடந்துவருகிறது, வலையொலியாகவும் கிடைக்கிறது. யுத்தத்துக்குப் பிந்திய உணவுப் பஞ்ச காலத்தில் அந்நாட்டு விவசாய இலாகாவின் ஒத்துழைப்போடு, புதிய சாகுபடி முறைகளைக் குடும்பக் கதையினுள் பொதிந்து கொடுத்தார்கள்.

தமிழில், தீபிகா அருண் வாசித்து வழங்கும் ‘கதை ஓசை’யைச் சொல்வேன். கல்கியின் சரித்திர நாவல்களை அதில் முழுவதுமாகக் கேட்கலாம். கண் பார்வை மங்கிய பெரியவர்களும், எழுதப் படிக்க வாய்ப்பில்லாது போனவர்களும் புத்தகத்தின் சுவையை இழந்துவிட வேண்டியதில்லை என்பதை இத்தகைய வாசிப்புகள் மெய்ப்பிக்கின்றன. கிராமத்துக்கு முன்னேற்றம் என்றால் உரமும் விதையும் மட்டுமே என்று கருதுவோர், கதை கேட்பதை வீண்பொழுது என்பார்கள். எனக்கு அவ்வபிப்பிராயம் இல்லை.

நிற்க. தமிழில் விவசாயத்தைப் பற்றிய பேச்சுகளும் பெருகிவருகின்றன. அவற்றுள் ஒன்றைப் பெயர் சொல்லிப் புகழ்ந்து மற்றதை விடுவது என் பதவிக்கு அழகன்று. ஆனால் எச்சரிக்கை ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. மிளகாய்ப் பயிரில் இலைப்பேன் கண்ட ஒரு விவசாயி, தோட்டத்தில் தனியே அமர்ந்து இயர்போனில் ஒரு பேச்சைக் கேட்டார். பேசியவர் ஒரு திரவத்தை வானளாவப் புகழ்ந்தார். விவசாயி கடன் வாங்கி அதை வரவழைத்து இருமுறை தெளித்தார். பூச்சி போகவில்லை, பூ உதிர்ந்தது. பேசியவர் அத்திரவத்தை விற்பவரே என்பது பிறகுதான் தெரிந்தது. இதை அவர் என் அலுவலகத்தில் வந்து சொன்னபொழுது, அந்தப் பேச்சை அவரைத் தவிர அவ்வூரில் வேறு ஒருவரும் கேட்டிருக்கவில்லை என்பதையே நான் முக்கியமாகக் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால், இவர் யார், ஏக்கருக்கு எவ்வளவு என்று சொன்னாரா, எந்த மண்ணில் பார்த்தார் என்று கேட்டிருப்பார்.

முன்னர் நான் குறிப்பிட்ட அபாயமும் இதைச் சார்ந்ததே. வலையொலி அழிவதில்லை, ஆகையால் காலாவதியான யோசனையும் அழிவதில்லை. எண்டோசல்பான் மருந்தை 2011 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு தடை செய்தது. அதற்கு முன் பதிவான ஒரு பேச்சு அம்மருந்தைத் தெளிக்கச் சொன்னால், அக்குரல் இன்றும் நேற்றுப் பேசியதுபோலவே கேட்கும். ஆதலால் பதிவான தேதியைப் பாராமல் மருந்து, ரகம், மானியம் ஆகியவை பற்றிய எந்தப் பேச்சையும் நம்பலாகாது. பேசுகிறவர் தம் கையால் பயிர் செய்தவரா, செலவைச் சொல்கிறாரா, தமக்கு நஷ்டம் வந்ததையும் மறைக்காமல் சொல்கிறாரா என்றும் நான் கவனிப்பேன். எல்லாம் லாபமாகவே முடியும் பேச்சை ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் கேட்பதில்லை.

கூடிக் கேட்பதன் பலனை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1956-இல் அன்றைய பம்பாய் ராஜ்யத்தில், பூனாவைச் சுற்றிய ஐந்து ஜில்லாக்களில் 150 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி ஒரு பரீட்சை நடத்திற்று. ஊருக்குச் சுமார் இருபது பேர் கொண்ட மன்றம். வாரம் இருமுறை அரை மணி நேரம் ஒலிபரப்பு. பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள். கேட்டு முடித்தவுடன் எழுந்து போகாமல், கேட்டதைப் பற்றி அவர்கள் விவாதித்தார்கள். விடை தெரியாத கேள்விகளை மன்றத்தின் அமைப்பாளர் வானொலி நிலையத்துக்கு எழுதினார்; பின்வந்த நிகழ்ச்சிகளில் விடை சொல்லப்பட்டது. டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தார் முன்னும் பின்னும் சென்று விசாரித்தார்கள். மன்றம் கூடிய ஊர்களில் மக்களின் அறிவு வியக்கத்தக்க அளவில் உயர்ந்திருந்தது. ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களிலோ உயர்வு மிகச் சொற்பம். கருவி ஒன்றே; பேச்சும் ஒன்றே. கேட்ட முறைதான் வேறு. 1959-இல் இம்முறை நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1960-களில் தஞ்சை ஜில்லாவில் குறுவைக்கு வந்த ஆடுதுறை 27 நெல்லுக்கு விவசாயிகளே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் சூட்டியது, ஒலிபரப்பின்மீது அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது.

வலையொலியை அவ்வாறு கூடிக் கேட்பதற்குப் புதிதாகச் செலவு ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு கைபேசியும், அதனோடு இணையும் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டியும், நூலகக் கட்டடமோ சேவை மையமோ போதும். ஆங்கிலத் தொடராயின், ஊரில் படித்த இளைஞரோ ஆசிரியரோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தமிழில் எடுத்துரைக்கலாம். நிறுத்தி நிறுத்திக் கேட்கும் வசதி அக்காலத்து ரேடியோ மன்றத்தாருக்குக் கிட்டாத ஒன்று. மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு மாலை நேரம் ஒவ்வாதாகையால், அவர்கள் கூட்டம் நடத்தும் நாளிலேயே அரை மணி ஒதுக்குவது நலம். எழும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து, உதவி வேளாண்மை அலுவலர் ஊருக்கு வரும்போது கேட்கலாம். அல்லது 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம். விடை வரும்வரை மருந்தையோ விதையையோ வாங்காதிருத்தல் வேண்டும்.

முதல் நாளைக்கு மிளகுக் குப்பியை வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன். பேச்சுக்குக் கால் மணி, மொழிபெயர்த்துச் சொல்ல இன்னொரு கால் மணி ஆகும். தேர்வு மாதங்களில் மட்டும் ஒலி கூடத்துக்கு வெளியே போகாதபடி பெட்டியைத் தணித்துவைக்க வேண்டும். பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள்.