அடுக்களை அலமாரிக்கு அலுமினிய வர்ணம்

புனே நகரின் கஸ்பா பேட், சதாசிவ் பேட் முதலிய பழைய பகுதிகளில், ‘வாடா’ எனப்படும் முற்றம் வைத்த வீடுகள் சில இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றின் அடுக்களைகளில் சுவரோடு சேர்த்து அமைந்த மர அலமாரிக்கு மராத்தியில் ‘பட்தாள்’ என்று பெயர். புதிய குடியிருப்புகளில் அதன் இடத்தில் ஒட்டுப்பலகை அலமாரிகள் வந்துவிட்டன. பழையதாயினும் புதியதாயினும் புகையும் எண்ணெயும் படிந்து மங்குவதும், மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுவதும் இரண்டுக்கும் பொது. புதிய அலமாரி செய்விக்க வசதியில்லாத குடும்பத்தினர் உலோக நிற வர்ணம் பூசி அதனைப் புதுப்பிக்க முற்படுகின்றனர். முறையறிந்து செய்தால் இது நல்ல சிக்கனமே. முறை தவறினாலோ வர்ணம் விரைவில் உரிந்துபோவதோடு, வீட்டிலுள்ள குழந்தைகளின் உடல்நலத்துக்கும் கேடு நேரலாம்.

கதவு ஏன் உப்புகிறது என்பதை முதலில் நோக்குவோம். மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரியும்; ஈரத்தை இழந்து சுருங்கும். புனேயில் ஏப்ரல் மாதத்துப் பிற்பகல்களில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவிகிதத்துக்கும் கீழே இறங்குகிறது. ஆகஸ்டில் 80 சதவிகிதத்தை எட்டுகிறது. ஆண்டுதோறும் மரம் இவ்வாறு விரிந்து சுருங்கும்போது, அதனோடு இசைந்து கொடுக்க இயலாத பூச்சு வெடிக்கிறது. ஆகவே பூச்சின் முதற்கடமை ஈரத்தின் போக்குவரவைத் தணிப்பதே.

இக்கடமையை அலுமினிய வர்ணம் நிறைவேற்றும் விதம் சுவையானது. அதிலுள்ள உலோகம் உருண்டைத் துகள்களாக இல்லாமல், மிக மெல்லிய செதில்களாக உள்ளது. அரைக்கும்போது ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பதால் செதில்களின்மீது கொழுப்புப் படலம் ஏறுகிறது. வார்னிஷ் அவற்றை எளிதில் நனைப்பதில்லை. ஆதலின் அவை மேற்பரப்புக்கு வந்து மிதந்து, கூரை ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. நீராவி உட்புக வேண்டுமாயின் ஒவ்வொரு செதிலையும் சுற்றி வளைந்து செல்ல வேண்டும். கண்ணாடிக் குவளையில் சிறிது வர்ணத்தை நன்கு கலக்கி அசையாமல் வைத்தால், மேலே வெள்ளி போன்ற ஆடை திரள்வதை மாணவர்களுக்குக் காட்டலாம்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்காவின் மாடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆராய்ச்சிக் கூடத்தினர், விமானங்களின் மரச் சுழல் விசிறிகள் ஈரத்தால் கோணிப்போகாதிருக்க அலுமினியத் தகட்டுப் பூச்சை உருவாக்கினர். அடுக்களைக் கதவின் தேவையும் ஏறத்தாழ இதுவே.

மிதக்கும் இயல்பு நிலையானதன்று. வார்னிஷுடன் கலந்து நெடுநாள் வைத்தால் குறைந்துவிடும். இதனால்தான் 1963-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2339, அலுமினியப் பசையையும் வார்னிஷையும் தனித்தனிக் கலங்களில் வைத்து விற்கும் வகைக்கு வகுக்கப்பட்டது. அன்றன்று வேண்டிய அளவே கலக்க வேண்டும். உலர்ந்த அலுமினியப் பொடியை வாங்கி வீட்டில் கலப்பது விரும்பத்தக்கதன்று. காற்றில் தூசியாகப் பரவினால் அப்பொடி தீப்பற்றி வெடிக்கக்கூடும்.

பொன்னிற வர்ணங்களில் பழைய வகை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகப் பொடியால் ஆனது. புளியும் எலுமிச்சையும் தெறிக்கும் இடத்தில் அது கறுத்துப் பச்சை பூக்கும். அப்பிரகத் தகடுகளின்மீது இரும்பு ஆக்ஸைடு படியச் செய்த நிறமிகளால் ஆன வகைக்கு இக்குறை இல்லை. கடையில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

அலுமினியத்துக்குக் காரம் பகை. மெல்லிய அலுமினியத் தாளைச் சலவைச் சோடாவின் சூடான, அடர்ந்த கரைசலில் இட்டால் ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். (தீச்சுடர் அருகில் இருத்தலாகாது.) எனவே பூசிய கதவைச் சலவைச் சோடாவால் கழுவலாகாது, சாதாரண சோப்பு நீரே போதும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரிலும் இவ்வர்ணம் நிலைக்காது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான செய்தி. பழைய அலமாரிகளின் வெள்ளை, மஞ்சள், பச்சை வர்ணங்களிலும், சிவப்பு முதற்பூச்சிலும் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதலே அமலுக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால், எழும் தூசி பாத்திரங்களிலும் தரையிலும் படிகிறது. தவழும் குழந்தையின் கை வழியே அது வாய்க்குச் செல்கிறது. வளரும் மூளையை ஈயம் பாதிக்கும்; இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை ஏதும் அறியப்படவில்லை. கூலியைக் குறைக்க வீட்டினரே சுரண்டுவது வழக்கமாதலால் களப்பணியாளர் இதனைத் தவறாமல் எடுத்துரைக்க வேண்டும். உறுதியாகப் பற்றியுள்ள பழைய பூச்சை அகற்றவே தேவையில்லை. வாட்டர் பேப்பரை நனைத்து மேலாகச் சொரசொரப்பாக்கினால் போதும். உரியும் இடங்களையும் நனைத்தே சுரண்டுக, தீயிட்டுக் கருக்கலாகாது. வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அங்கே வராதிருப்பது நன்று. சுரண்டல்களைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பூசும் வேலையை மழைக்காலத்தில் தொடங்கலாகாது. ஈர மரத்தின்மேல் பூசினால் உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாக எழும். எண்ணெய்ப் பிசுக்கைச் சலவைச் சோடா நீரால் போக்கலாம். ஆயின் மேற்சொன்ன காரணத்தால், பின்னர் நல்ல நீரால் பலமுறை துடைத்து, முற்றிலும் உலரவிட வேண்டும். பிளவுகளை மக்கு வைத்து அடைத்தபின், மரத்துக்கான அலுமினிய முதற்பூச்சு ஒன்றும் அதன்மேல் வர்ணம் இருமுறையும் பூசுக. கதவின் பின்புறத்தையும் விளிம்புகளையும் பலர் விட்டுவிடுகின்றனர். ஒட்டுப்பலகையில் ஈரம் மிகுதியாக நுழைவது விளிம்பு வழியேதான். இறுதி இழுப்புகள் ஒரே திசையில் அமைய வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் செதில்கள் கலைந்து திட்டுத் திட்டாகும். பளபளப்பை விரும்பாதவர் அதே முதற்பூச்சின்மேல் வேறு நிற எனாமலைப் பூசிக்கொள்ளலாம். ஈரத்தடுப்பு பெரும்பாலும் கிடைத்துவிடும். என் கருத்தில் சிறிய இருண்ட அடுக்களைக்கு வெள்ளி நிறமே பொருத்தம். ஒளியை அது நன்கு திருப்பி அனுப்புகிறது.

அளவைக் கணக்கிடுவது எளிது. 45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள ஆறு கதவுகளுக்கு இருபுறமும் சேர்த்துப் பரப்பு 3.24 சதுர மீட்டர், விளிம்புகளுடன் 3.5 எனக் கொள்ளலாம். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டருக்கு வருமாதலால், இருமுறை பூச ஒரு லிட்டரே மிகுதி. முதற்பூச்சுக்கு அரை லிட்டர் போதும். உணவுப் பண்டம் நேரே படும் தட்டுகளின் உட்புறத்தில் இவ்வர்ணத்தைப் பூசலாகாது. கலக்காது எஞ்சிய பசையை, ஈரம் புகாதவாறு மூடியை இறுக்கி, அடுப்புக்கு அப்பால் வைக்க வேண்டும்.