கடைசி வேலைக்கு முதலிலேயே கணக்கு போடுங்கள்



நம் குழு உறுப்பினர்களில் பலர் புது வீடு கட்டி வருகிறார்கள். சிலர் அரசுத் திட்டத்தில் கட்டுகிறார்கள். சிலர் குழுக் கடனையும் கைக்காசையும் சேர்த்துப் போட்டுக் கட்டுகிறார்கள். கூட்டத்தில் விசாரித்தால் பல பேர் சொல்வது ஒன்றுதான்: "கூரை போட்டாச்சு, பூச்சும் ஆச்சு. கடைசி வேலைக்குத்தான் காசு இல்லக்கா."

அந்தக் கடைசி வேலை எது? சுவரின் அடியில் ஓடுகிற பட்டை, கதவு நிலை, சன்னலின் அடிக்கல் ஆகியவைதான். பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் தண்ணீரும் கரையானும் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த ஓரங்கள் வழியாகத்தான். அதனால் இதைப் பற்றி விவரமாகத் தெரிந்துகொள்வோம்.

அடிப்பட்டை எதற்கு?

கொத்தனார் இதை 'ஸ்கர்ட்டிங்' என்பார். தரையும் சுவரும் சேரும் இடத்தில், சுவரில் 4 அங்குலம் முதல் 6 அங்குலம் உயரத்துக்குப் போடும் பட்டை இது. நாம் தினமும் பெருக்குகிறோம், ஈரத்துணி போட்டுத் துடைக்கிறோம். துடைப்பமும் ஈரமும் படுவது சுவரின் அடியில்தான். பட்டை இல்லாவிட்டால் சுண்ணாம்பும் பெயிண்டும் உரிந்து, பூச்சு பொரிந்து விழும். நம் பாட்டிமார் சாணி மெழுகிய வீட்டிலும் சுவரின் அடியில் காவியோ செம்மண்ணோ ஒரு பட்டை அடித்தார்கள். சிவப்பு ஆக்சைடு தரை போட்ட வீடுகளில் கறுப்பு ஓரம் வைத்தார்கள். இரண்டும் அழகுக்கு மட்டுமல்ல, அழுக்கும் ஈரமும் சுவருக்கு ஏறாமல் இருக்கவும்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சிமெண்ட் பட்டை: சிமெண்ட் தரை போடுகிறவர்களுக்கு இதுவே சிக்கனம். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசி, மேலே சிமெண்ட் பால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையைச் சற்று உருட்டிப் பூசச் சொல்லுங்கள். அழுக்கு தங்காது, துடைக்க எளிது. பூசிய பிறகு குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விடும்.

டைல்ஸ் பட்டை: தரைக்குப் போடும் டைல்ஸையே வெட்டிப் போடலாம். தனியாக வாங்க வேண்டியதில்லை.

கிரானைட், கடப்பா: இரண்டும் நன்கு உழைக்கும். ஆனால் கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை, புளி, கழிவறை ஆசிட் பட்டால் அரித்து வெளுத்துவிடும். சமையலறைக்குக் கிரானைட் நல்லது.

மரப்பட்டை: டிவியில் பார்த்துவிட்டுச் சிலர் ஆசைப்படுகிறார்கள். குளிர் நாடுகளில் மரத்தரையும் பலகைச் சுவரும் உண்டு. இடைவெளியை மறைக்க அங்கே மரப்பட்டை அடிக்கிறார்கள். நாம் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிறவர்கள். கரையானும் உண்டு. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். நமக்கு அது வேண்டாம்.

எத்தனை டைல்ஸ் வேண்டும்?

கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நாமே கணக்குப் போடலாம். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் சுற்றளவு 44 அடி. 3 அடி வாசல் இரண்டு இருந்தால் 6 அடியைக் கழியுங்கள். மீதி 38 அடி. 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் ஒன்றை ஏறக்குறைய 4 அங்குலப் பட்டையாக வெட்டினால் 6 துண்டு, அதாவது 12 அடி நீளம் கிடைக்கும். 38 அடிக்கு மூன்று டைல்ஸ் பத்தாது, நான்கு வேண்டும். தரைக்கு வாங்கும்போதே இதையும் சேர்த்து வாங்குங்கள். பிறகு போனால் அதே நிறம் கிடைக்காமல் போகலாம்.

நிலையும் சன்னலும்

வேம்போ, வேங்கையோ, தேக்கோ, எந்த மரமானாலும் நன்கு காய்ந்து வைரம் பாய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது முறுக்கிக்கொள்ளும், கதவு சாத்த வராது. வெளிப்பக்க வெள்ளை மரத்தைப் பூச்சி சீக்கிரம் தின்னும். சுவரோடு ஒட்டும் பக்கத்திலும் அடிநுனியிலும் தார் பூசிய பிறகே நிலையை வைக்கச் சொல்லுங்கள். நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை பக்கத்துக்கு மூன்று இருக்க வேண்டும். மர விலை கட்டுப்படியாகாவிட்டால் சிமெண்ட் நிலை, இரும்பு நிலை உண்டு. சிமெண்ட் நிலையைக் கரையான் தின்னாது. இரும்புக்குத் துரு பிடிக்காத பெயிண்ட் அவசியம்.

தலைவாசலுக்குக் கீழ்க்கட்டை இருக்கட்டும். மழைத்தண்ணீர் உள்ளே வராது. உள் அறைகளுக்கு மூன்று பக்க நிலை போதும். வயதான மாமியார் தடுக்கி விழ மாட்டார், தரை துடைக்கவும் சுலபம். சன்னலின் அடிக்கல் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும்.

எப்போது முடிவு செய்வது?

சுவர் பூசுவதற்கு முன்பே. டைல்ஸ் பட்டை என்றால் அடியில் அந்த உயரத்துக்குப் பூசாமல் விட வேண்டும். அப்போதுதான் பட்டை சுவரோடு சமமாக நிற்கும். முழுக்கப் பூசிவிட்டால் மறுபடி கொத்த வேண்டும். அதற்குக் கூலி தனி. சமமாக இல்லாமல் துருத்திக்கொண்டிருந்தால் மேலே தூசி படியும், எறும்பும் கரப்பானும் குடியேறும்.

கொத்தனாரிடம் பேசும்போது இவற்றை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. மொத்தக் கூலியில் அடிப்பட்டை சேர்ந்ததா, அடிக்கணக்கில் தனியா?
2. எத்தனை அங்குல உயரம், எந்தப் பொருள்?
3. டைல்ஸ் வெட்டும் கூலி யாருடையது?
4. நிலைக்குத் தார், இரும்புப் பட்டை யார் வாங்குவது?
5. கடைசித் தவணை எப்போது?

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் பட்டையை விரலால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வந்தால் பின்னால் கலவை நிரம்பவில்லை என்று அர்த்தம். திரும்பப் போடச் சொல்லுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் ஆள் வர மாட்டார்.

"இதெல்லாம் ஆம்பளைங்க விவகாரம், நமக்கு எதுக்கு?" என்று சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தரையைத் தினமும் துடைக்கப்போவது யார்? கடன் வாங்கி, வாரா வாரம் தவணை கட்டப்போவது யார்? ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிற உரிமையும் நமக்குத்தான். வீட்டுக் கடன் கேட்கும் உறுப்பினர் செலவுப் பட்டியலில் இந்தக் கடைசி வேலைகளையும் தனி வரியாக எழுதித் தரட்டும். ஏற்கெனவே வீடு கட்டி முடித்த சகோதரிகள் அதைப் பார்த்து, விட்டுப்போனதைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதைத் தொடங்குவோம்.